மாமியாரிடம் ஒப்படைத்த வரிப்பணம்

ஜூலை 28
வரிக்கணக்குத் தாக்கல் செய்தாகிவிட்டது. ஆடிட்டர் வாழ்த்துச் சொல்லவில்லை, உபதேசம் செய்தார். "வருஷக் கடைசியில மொத்தமாக் கட்டி முழி பிதுங்காதீங்க. தவணையா முன்கூட்டியே கட்டுங்க. வர்ற காசுல வரிப் பங்கை அன்னைக்கே எடுத்து வைங்க."
போன வருடம் வரியும் அபராதமும் சேர்ந்து என் மனைவியின் வளையல்களை அடகுக் கடைக்கு அனுப்பின. ஒரு மாதத்தில் மீட்கிறேன் என்றேன். எந்த மாதம் என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 4
தொழிலுக்குச் செலவழித்தால் வரி குறையுமாம். சோபா தைக்கும் பட்டறைக்குப் புது ஸ்டேப்ளர் துப்பாக்கி வாங்கினேன். பழையது நன்றாகத்தான் ஓடுகிறது. முப்பது மிச்சம் பிடிக்க நூறு போயிற்று. இதற்குப் பெயர் வரித் திட்டமிடல்.

ஆகஸ்ட் 9
கையில் காசு இருந்தால் எனக்குக் கை அரிக்கும். மனைவியிடம் கொடுத்தால் கெஞ்சியே வாங்கிவிடுவேன். மாமியாரிடம் கெஞ்ச முடியுமா? பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இனி வரிப் பங்கு அவரிடம். செப்டம்பர் தவணைக்குள் பணம் சேராது; நான் கட்டப்போகும் முதல் தவணை டிசம்பர் 15.
"நானே வந்து கேட்டாலும் குடுக்காதீங்க அத்தை."
"நீங்கதான் வருவீங்க, வேற யாரு வரப்போறா?" என்றார்.

அக்டோபர் 2
தோல் தைக்கும் மெஷின் ஒன்று மலிவாக வந்தது. அத்தையிடம் போய் வரி கட்டவேண்டும் என்றேன்.
"ரசீதைக் காட்டுங்க, தர்றேன்."
"கட்டாம எப்படி ரசீது வரும்?"
"அதான் எனக்கும் புரியலை."

நவம்பர் 11
மறுபடி போனேன். வரி ஏறிவிட்டது என்றேன். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

டிசம்பர் 13
நாளை மறுநாள் தவணை. நிஜமாகவே! அத்தை நம்பவில்லை. "இது மூணாவது வரி மாப்பிள்ளை." ஆடிட்டரைப் பேசச் சொல்லலாம் என்றால் வெளியூர், 15-ஆம் தேதிதான் வருவாராம். மனைவியை அனுப்பினேன். "நீயும் கூட்டான்னு கேக்குறாங்க" என்று திரும்பி வந்தாள்.

டிசம்பர் 14
காலையில் மேஜைமேல் மனைவியின் சங்கிலி. கழற்றி வைத்துவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள். திட்டியிருக்கலாமே! நானெல்லாம் என்ன மனுஷன்? மெஷினும் வாங்கலை, மானமும் போச்சு —
சங்கிலியை அவள் கையிலேயே கொடுத்துவிட்டு அத்தை வீட்டுக்கு ஓடினேன். மெஷின் கதையை ஒளிக்காமல் கொட்டினேன்.
"இதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன? நாளைக்கு நானும் வர்றேன்."

டிசம்பர் 15
அத்தை பணத்தை என் கையில் தரவில்லை. ஆடிட்டர் அலுவலகத்தில் அவரே எண்ணிக் கொடுத்தார், அவரே ரசீதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். ஆடிட்டர் வார்த்தைக்கு வார்த்தை "அம்மா" என்கிறார். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இருந்தாலும் வெளியே வந்ததும் பசித்தது. ரெண்டு நாளாகப் பசியே இல்லை.

ஜனவரி 6
அடுத்த தவணைக்கு இப்போதே சேர்க்கவேண்டும் என்று அத்தை தினமும் பட்டறைக்கு வருகிறார். வாசல் பக்கச் சோபாவில் உட்கார்ந்துகொள்கிறார். இன்று மூலைவீட்டுக்காரர் மெத்தை உறை வாங்க வந்தார். வழக்கம்போல் காதோடு, "பில் வேணாம், கொஞ்சம் குறைச்சுக்குங்க" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் சோபாவிலிருந்து குரல்:
"பில் போடுங்க மாப்பிள்ளை."
போட்டேன். மூலைவீட்டுக்காரர் முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு, "முதலாளி இவங்களா?" என்று கேட்டார்.
"ஆமாங்க. நான் தைக்கிறவன்."