சத்தியராஜ் பெயர் இல்லாத பட்டியல்

கோவில்பதாகை, ஆவடி
14.11.1986

அன்பு மகள் ஹில்டாவுக்கு அப்பா எழுதுவது. மாதாவின் தயவில் இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத் தொடங்கினேன், முழுச் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. மஸ்கட்டில் வார்டு வேலை கொஞ்சம் குறைந்ததா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

விஷயம் உன் தம்பி சத்தியராஜைப் பற்றியது. வரும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் கம்பெனி டீமுக்கு இறுதி ஆட்டம். மண்ணூர்பேட்டைத் தொழிற்சாலையில் அவனுக்கு இருப்பது ஃபுட்பாலுக்காகக் கொடுத்த தற்காலிக வேலை, இந்த ஆட்டத்தில் நன்றாக ஆடுகிறவர்களை நிரந்தரம் செய்வார்கள் என்று பேச்சு. ரிட்டயரான பிறகும் டீம் மேனேஜர் நான்தான், அது உனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை பிராக்டீஸில் அவன் வலது முழங்காலில் அடி, சரியாகிவிட்டது என்றான். ஆட்டத்துக்கு முன்னால் எல்லோரையும் ஸ்டோர் மாடிப்படியில் கைப்பிடி தொடாமல் இறங்கச் சொல்லிப் பார்ப்பது என் வழக்கம், ஏறும்போது மறைக்கிற வலி இறங்கும்போது தெரிந்துவிடும். நேற்று சத்தியராஜ் நாலாவது படியில் கைப்பிடியைப் பிடித்தான். "இன்னா நைனா, மேட்சு கிரவுண்டுலதானே, மாடிப்படியிலயா ஆடப்போறோம்?" என்றான், எல்லோரும் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்று காலை தொழிற்சாலை கேட்டில் பட்டியல் ஒட்டினேன், அவன் பெயர் இல்லை.

"ஊரு புள்ளைங்களுக்கெல்லாம் எடம் கீது, பெத்த புள்ளைக்கு இல்லியா?" என்று உன் அம்மா பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் உங்கள் யாருக்கும் சொல்லாததைச் சொன்னேன். இந்தியாவுக்கு மூன்று ஆட்டம் ஆடிய என்னை நாலாவதுக்குக் கூப்பிடாதது அன்றைய மேனேஜரின் ஓரவஞ்சனை என்று நம்பியிருந்தீர்கள். அப்படியில்லை. மூன்றாவது ஆட்டத்தில், ரங்கூனில், கணுக்கால் சுளுக்கை அவரிடம் மறைத்துத் துணியை இறுக்கிச் சுற்றிக்கொண்டு மைதானத்தில் இறங்கினேன், எல்லோரும் வெறுங்காலில் துணி சுற்றி ஆடிய காலம், யாரும் சந்தேகப்படவில்லை. இரண்டு கோலும் என்னைத் தாண்டித்தான் போயின. "முப்பது வருசமா அந்த மேனேஜரைத் திட்டிக்கினு கீறேன், கடைசீல நீதானாய்யா அது?" என்று உட்கார்ந்துவிட்டாள்.

என்னைக் குடைவது வேறு. முழங்காலுக்காகத்தான் அவனை நீக்கினேனா, மகனுக்கு இடம் கொடுத்தான் என்று கேட்டில் பேசுவார்களே என்ற பயத்தில் நீக்கினேனா? நீ நர்ஸ், படி இறங்கத் தடுமாறிய கால் அடிபட்ட ஐந்தாம் நாளில் ஓடுமா என்று சொல். இது உன் கைக்கு வரும்போது ஆட்டம் முடிந்திருக்கும். நான் செய்தது தப்பென்றால் என்னைத் தேற்றுவதற்காக அதை மறைக்காமல் தம்பிக்கே எழுதிவிடு, அவன் என்னோடு பேசவில்லை, உன் கடிதத்தைப் படிப்பான்.

பாஸ்போர்ட் தேதியைப் பார்த்துக்கொள். ஆண்டவர் உன்னைக் கண்போல் காக்கட்டும். வேறு ஒருவர் மகனாக இருந்தால் இன்னொரு முறை படி இறங்கச் சொல்லியிருப்பேன் அம்மா.

உன் அப்பா,
கிறிஸ்துதாஸ்