பொய்யாகிப் போன சத்தியம்

நெய்வேலி,
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் ஷாஜியாவுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். மெல்போர்னில் நீயும் மருமகனும் பிள்ளையும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். இங்கே என் சுகம் எப்படி என்று எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியும், அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். அதற்கு முன்னால் நடந்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். உன் அம்மா சாகப் போகிறாள் என்பது உனக்கும் உன் தம்பி அஃப்னானுக்கும் தெரிந்திருந்தது. அவளுக்குத் தெரியாது, நாற்பது வருஷம் அவளோடு வாழ்ந்த எனக்கும் தெரியாது. நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து மறைத்தீர்கள். அவள் பிழைக்காமல் போனதற்கு உங்களை நான் குறை சொல்லவில்லை, அது அல்லாஹ்வின் நாட்டம். அவள் சாவை அவளிடமிருந்தே ஒளித்து வைத்தது உங்கள் வேலை. போனில் இதை எடுத்தால் நீ பேரனைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தி, நன்னாவுக்கு ரைம்ஸ் சொல்லு என்கிறாய். கடிதம் என்றால் நான் முடிக்கிறவரை நீ கேட்டுத்தான் ஆகவேண்டும்.

ஸ்கேன் எடுத்த அன்றே அஃப்னான் அதை உனக்கு அனுப்பினான். நீ அங்கே ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை செய்கிறவள், பார்த்ததும் புரிந்துகொண்டாய். கணையத்தில் கட்டி, ஈரலுக்கும் பரவிவிட்டது, இனி அறுக்கவும் முடியாது என்று. வயிற்றுப் புண் என்று சொல்லிவிடு, அத்தாவிடம் மூச்சு விடாதே, அவர் வாயில் எதுவும் நிற்காது என்று நீதான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தாய். என் வாயில் பொய் நிற்காது, அது நிஜம். அது உன் அம்மாவுக்கும் தெரியும், அதனால்தான் என்னிடம் கேட்டாள். ஒருநாள் சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு வருகிறேன், கண் மஞ்சளாகக் கிடந்தவள் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். "என்னாங்க, இந்தப் புள்ளைங்க ரெண்டும் என்னாத்தையோ மறைச்சிகினு திரியுதுங்க. நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. எனக்குப் புண்ணுதானா, அல்லா மேல சத்தியமா சொல்லுங்க" என்றாள். நானும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அல்லாஹ் மேல் ஆணையாகப் புண்தான், வேறொன்றும் இல்லை என்று சொன்னேன். அவள் முகம் தெளிந்துவிட்டது. "அப்பன்னா சரி, நோன்புக்குள்ள எழுந்துக்கிறேன். எழுந்து என் கால்ல நடந்து குள்ளஞ்சாவடி போயி ஜைனம்புகிட்ட நானே பேசறேன். படுத்துகினு கூப்ட்டா பாவம் பாத்து வருவா, அந்தப் பாவம் எனக்கு வேணாம்" என்றாள். அவள் என் சொல்லை நம்பினாள், நான் உங்கள் சொல்லை நம்பினேன்.

அவளுக்கும் அவள் தங்கச்சி ஜைனம்புக்கும் நடந்தது உனக்குத் தெரியாததல்ல. தன் கொழுந்தனுக்கு உன்னைக் கேட்டு வந்தவளை, படித்த பெண்ணைப் பரோட்டாக் கடையில் தள்ளச் சொல்கிறாயா என்று நாலு பேர் முன்னால் உன் அம்மா கேட்டுவிட்டாள். ஊற்றி வைத்த டீயைத் தொடாமல் எழுந்து போனவள் ஜைனம்பு, ஒன்பது வருஷம் இந்தப் பக்கம் வரவில்லை. மனிதருக்குச் செய்ததை அந்த மனிதர்தான் மன்னிக்க வேண்டும் என்று பள்ளிவாசல் ஸ்பீக்கரில் ஹஜ்ரத்து பேசுகிறபோதெல்லாம் உன் அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு நின்று கேட்பாள். நாள் குறைவு என்று தெரிந்திருந்தால் ஆட்டோ பிடித்துப் படுத்தபடியாவது போயிருப்பாள். நோன்புப் பிறை தெரிகிறதற்கு முன்னாலேயே போய்விட்டாள். குவார்ட்டர்ஸ் பின்பக்கத்துக் கொடியில் பெட்ஷீட் கட்டிக் குளிப்பாட்டினார்கள், நான் வெந்நீர் வாளியோடு இந்தப் பக்கம் நின்றேன். ஜைனம்பு அப்போதுதான் வந்து சேர்ந்தாள். துணிக்கு அந்தப் பக்கமிருந்து அவள் பேசினது கேட்டது. "ஏக்கா, பரோட்டாக் கடைன்னு இன்னொரு தரம் சொல்லு, நா கோச்சிக்க மாட்டேன், வாயத் தொறக்கா." மற்றப் பெண்கள் அவளைப் பேசாமல் இருக்கச் சொன்னார்கள். நான் வாளியை வைத்துவிட்டு அந்த இடத்தை விட்டுப் போய்விட்டேன்.

அடக்கம் முடிந்து திரும்பினபோது, வந்தவர்களிடம் அஃப்னான், "மூணு மாசம்னு டாக்டர் சொன்னாரு, நாலு மாசம் வச்சிப் பாத்தோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். நான் அவன் முதுகுக்குப் பின்னால் நிற்கிறேன். அப்படித்தான் எனக்குத் தெரிந்தது, மீதியை அவனையே கேட்டு வாங்கினேன். ஹஜ்ரத்திடம் போய் என் சத்தியத்தைச் சொன்னேன். "தெரியாம செஞ்ச சத்தியத்துக்குக் குத்தமில்ல பாய், மனசப் போட்டுக் கொழப்பிக்காதீங்க" என்றார். அல்லாஹ்விடம் குற்றமில்லாமல் இருக்கலாம் ஹஜ்ரத்து, என் தாஜுன்னிசாவிடம் இருக்கிறதே என்றேன். ஜைனம்பு வீட்டுக்கும் பஸ் ஏறிப் போய், அவள் அக்கா நடந்து வருவதாக இருந்தாள் என்று சொல்லிவிட்டு வந்தேன். "தெரிஞ்சிருந்தா நா ஓடியாந்திருப்பனே மச்சான், நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா" என்று என்னைத்தான் கேட்டாள். பெற்ற பிள்ளைகள் என்னிடமும் சொல்லவில்லை என்று அவளிடம் எந்த வாயால் சொல்வது.

இப்போது என் விஷயம். மழைக்காலத்தில் பிடித்த இருமல் இன்னும் விடவில்லை. மந்தாரக்குப்பம் கடையில் எத்தனையோ மைன்ஸ்காரர்களுக்கு யூனிபார்ம் தைத்தவன் நான், என் சட்டையையே இரண்டு தடவை பிடித்துத் தைத்தாயிற்று, இன்னும் தொளதொளக்கிறது. புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அஃப்னான் கூட்டிப் போனான். படம் எடுத்தார்கள், ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். கடைசியில் டாக்டர் என்னைப் பார்த்து, பெரியவரே கொஞ்சம் வெளியே உட்காருங்கள் என்றார். நோவு எனக்கு, பேச்சு அவனுக்கா என்று கேட்டேன். சிரித்து, ஒன்றுமில்லை என்று முதுகில் தட்டி அனுப்பினார். வெளியே வந்த அஃப்னான், "சளி கட்டிகினு இருக்கு அத்தா, வேற ஒண்ணுமில்ல" என்றான். அதிலிருந்து அவன் என்னோடு சண்டை போடுவதில்லை. சர்க்கரை என்று சொல்லி டீயில் அரை ஸ்பூன் போட விடாதவன், அல்வா வாங்கி வந்து, சாப்பிடுங்க, ஒரு நாள்தானே என்கிறான். உன் அம்மாவுக்கும் இப்படித்தான் பண்ருட்டியிலிருந்து பலாச்சுளை வந்துகொண்டே இருந்தது. மைன்ஸில் கான்ட்ராக்டில் இருந்தபோதும் பெர்மனென்ட் ஆன பிறகும் ஒரு ஷிப்ட் விடாதவன், இப்போது லீவு போட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். உன்னிடம் பேசப் பின்பக்கம் போகிறான், குழாயில் முகம் கழுவிக்கொண்டுதான் உள்ளே வருகிறான். நான் அதிகம் படித்தவனில்லை, கடையில் துணி சுற்றி வந்த பேப்பரைப் பார்த்துத்தான் எழுத்துக் கூட்டக் கற்றேன், ஆனாலும் இதைப் படிக்கத் தெரிகிறது.

தெரிந்தால் பயந்தே போய்விடுவார்கள் என்று உன் அம்மா விஷயத்தில் சொன்னாய். பயப்படுவேன் ஷாஜியா. அது என் பயம், அதை நீங்கள் எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாது. பாசத்தினால்தானே அத்தா என்றாய். பாசம் இல்லை என்று நான் சொல்லவே இல்லை. பாசத்தோடு செய்தாலும் அவள் பேச வேண்டியதைப் பேசாமல்தான் போனாள்.

ஆகையால் இனி நடக்க வேண்டியதைக் கேள். அஃப்னான் அந்த ஃபைலை, ஒரு தாளும் உருவாமல், என் கையில் கொடுக்க வேண்டும். அடுத்த தடவை டாக்டரிடம் நான் உள்ளே உட்கார வேண்டும், மூச்சு வாங்கினால் குழாய் செருக வேண்டாம் என்பதை அவன் என் முன்னாலேயே அவரிடம் சொல்ல வேண்டும். பக்கத்துக் கடை மருதாசலத்தோடு நான் பேசாமல் இருப்பது உனக்குத் தெரியும், அவரிடம் நானே போவேன், யாரும் கூட வர வேண்டாம். ஜைனம்புக்கு என் நோவை யார் வாயிலிருந்தாவது கேட்கிற நிலை வரக் கூடாது, அஃப்னான் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். மௌத்தான பிறகு உன் விமானத்துக்காக என்னை ஐஸ் பெட்டியில் போட்டு வைக்கக் கூடாது, அடுத்த தொழுகைக்குள் எடுத்துவிட வேண்டும் என்று பள்ளிவாசலிலும் சொல்லி வைக்கிறேன். பார்ப்பதானால் நான் பேசுகிறபோதே வந்து பார். உன் பிள்ளைக்கு நீண்ட ஆயுளும் உனக்கும் மருமகனுக்கும் பரக்கத்தும் அல்லாஹ் கொடுக்கட்டும், குளிரில் காதை மூடிக்கொண்டு போ. உனக்கு ஒரே வேலைதான். இது கிடைத்த அன்றே போன் செய். சாப்பிட்டீர்களா, மருந்து போட்டீர்களா என்று ஆரம்பிக்காதே. நோயின் பெயரைத் தமிழில் சொல், டாக்டர் எவ்வளவு காலம் சொன்னார் என்று சொல். நான் திருப்பிச் சொல்கிறேன், சரியா என்று பார்த்துக்கொள். அதற்கப்புறம் நீ அழு, நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
உன் அத்தா
ஷேக் தாவூத்