வளைவுக்கு முன்னால் ஒரு சிவப்பு விளக்கு

ஜூன் 9

காலை முழுக்கப் பந்தயத் தடத்தின் வேலியோரம் நின்றேன். தேறியது ஒன்றுமில்லை. கார் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறை, அல்லது வெறும் புல். ஒரு படத்தில் பின்சக்கரம் மட்டும் விழுந்திருக்கிறது.

பேனிங் என்பது சொல்ல எளிது. ஷட்டரை மெதுவாக வைத்து, காரோடு சேர்த்துக் கேமராவைத் திருப்ப வேண்டும். இரண்டின் வேகமும் ஒத்துப்போனால் கார் துல்லியமாக நிற்கும், பின்னால் இருக்கும் உலகம் கோடுகளாக இழுபடும். தத்துவ வகுப்பாக இருந்தால் இதை வைத்தே ஒரு பருவத்தை ஓட்டியிருப்பார்கள்.

பக்கத்தில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவன். மோட்டார் பத்திரிகைக்கு எடுக்கிறானாம், என் வயதுதான். என் திரையை எட்டிப் பார்த்தான். "நல்லாயிருக்கு. எந்த மாடர்ன் ஆர்ட் கேலரிக்கு?" என்றான்.

ஜூன் 10

இடுப்பு விட்டுப்போகிறது. குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை.

ஜூன் 16

தப்பு பிடிபட்டது. பொத்தானை அழுத்தும் கணத்தில் கை நின்றுவிடுகிறது. அழுத்திய பிறகும் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். எதை முடித்தாலும் அங்கேயே நின்றுபோவது என் சுபாவம். தத்துவப் பட்டம் வாங்கியதும் அப்படித்தான் நின்றேன், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு. அண்ணன்தான் பழைய கேமரா ஒன்றை வாங்கிவந்து மடியில் போட்டான். "சுவரையே பாத்துட்டிருந்தா சுவரும் உன்னை பாக்க ஆரம்பிச்சிடும். வா, வந்து என்னைப் படம் எடு."

அவன் பந்தய ஓட்டி. நீலக் கார். உள்ளே மற்ற இருக்கைகளைப் பிடுங்கிவிட்டு இரும்புக் கூண்டு வைத்த சாதாரணக் கார்தான். போன வருடம் மழையில், நான் நிற்கும் இடத்தை அடுத்த இதே வளைவில் சுழன்று டயர்ச் சுவரில் மோதினான். தோள் எலும்பு உடைந்தது. சேர்ந்துவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார்.

இந்த வருடம் அவன் கடைசி ஆட்களோடு வந்துகொண்டிருக்கிறான். அடுத்த வருடம் அந்த ஓட்டி இருக்கை அவனுக்கா என்று அணி மேனேஜர் இந்த சீசன் முடிவதற்குள் சொல்லிவிடுவார்.

ஜூன் 23

கிடைத்துவிட்டது!

அண்ணனின் கார். கதவில் எண், ஹெல்மெட்டுக்குள் அவன் கண், எல்லாம் கத்தி மாதிரி. பின்னால் வேலியும் புல்லும் கரைந்து ஓடுகின்றன. மற்றவர்கள் கார் எல்லாம் வழக்கம்போலக் கூழ். இவனுடையது மட்டும் மூன்று சுற்றிலும் விழுந்திருக்கிறது. கூடப் பிறந்த ரத்தம், உடம்புக்கே தெரிகிறது போல என்று எழுதத் தோன்றுகிறது. எழுதியும் விட்டேன். அசட்டுத்தனம். இருக்கட்டும்.

அண்ணியிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். "இவரு ரோட்டுல நம்ம வண்டிய எப்படி ஓட்டுறாரு தெரியுமா? சைக்கிள்காரன் மணியடிச்சுட்டு முந்திப் போறான்" என்றாள். சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஜூன் 30

மறுபடியும் அவன் மட்டும். ஏன்?

ஜூலை 2

ஏன் என்று தெரிந்துவிட்டது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

நான் நிற்பது வளைவுக்குச் சற்று முன்னால். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. ஓட்டிகள் அதைத் தாண்டிய பிறகுதான் பிரேக்கை மிதிப்பார்கள். நானும் அந்தப் பலகையைக் குறிவைத்தே பொத்தானை அழுத்தப் பழகினேன். ஆகவே என் எல்லாப் படங்களிலும் காருக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கோடு.

இன்று எல்லாவற்றையும் பெரிதாக்கிப் பார்த்தேன். கூழான படங்களில்கூட ஒன்று தெரிகிறது. பிரேக்கை மிதித்தால் எரியும் பின்விளக்கு மற்றக் கார்கள் எதிலும் எரியவில்லை. அண்ணன் காரில், அத்தனை படத்திலும், சிவப்பு.

பலகைக்கு முன்பே மிதிக்கிறான். மெதுவாகப் போகிறான். அதனால்தான் என் கைக்கு அகப்படுகிறான். ரத்தமாவது மண்ணாவது.

பயப்படுகிறான். அண்ணன். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர்மேல் நடந்து காட்டி அடி வாங்கினவன்.

ஜூலை 7

பந்தயம். பின்னாலிருந்து இரண்டாவது. இறங்கியதும் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் பிரேக் சரியில்லை என்று கத்தினான். மேனேஜர் மெக்கானிக்கைப் பார்த்தார். எல்லோரும் மெக்கானிக்கைப் பார்த்தார்கள்.

மெக்கானிக்கின் பட்டப்பெயர் சைலன்சர். வாயை மூடவே மாட்டார் என்பதால். இன்று ஒரு வார்த்தை பேசவில்லை.

ஜூலை 8

சைலன்சர் என்னைத் தேடி வேலியோரம் வந்தார். பிரேக்கை இரண்டு தடவை பிரித்துப் பார்த்துவிட்டாராம், கோளாறு இல்லையாம், மேனேஜர் நம்பவில்லையாம். காரில் பதிவுக் கருவி எதுவும் கிடையாது, அதற்கெல்லாம் வசதியான அணி இல்லை இது.

"தங்கச்சி, நீ இங்கதானே நிக்கிற. வண்டி இந்த இடத்துல எப்படி வருதுன்னு ஒரு படம் இருந்தா குடும்மா. பிரேக்கை எந்த இடத்துல மிதிக்கிறாருன்னு லைட்டைப் பாத்தா தெரிஞ்சிடும். என் வேலைக்கே உலை வச்சிடுவாங்க போலிருக்கு."

நான் சொன்னது: "எனக்கு இன்னும் சரியா வரலண்ணே. எல்லாம் கலங்கிப்போச்சு."

வெள்ளைத் தொப்பி தன் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே சாட்சி சொன்னான். "ஆமாண்ணே. இவங்க எடுக்கறதுல காரா கழுதையான்னே தெரியாது." அவன் எடுப்பது வளைவு முடிந்து வெளியே வரும் இடத்தை. அவனிடம் கேட்டுப் பயனில்லை.

சைலன்சர் நம்பினார். "பரவாயில்ல, பழகப் பழக வந்துடும்" என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

என்ன செய்துவிட்டேன்? கத்துக்குட்டியாக இருப்பதற்கு இப்படியும் ஒரு பயன்.

ஜூலை 9

அந்த இருக்கை போனால் அவன் என்ன ஆவான்? எனக்காவது சுவர் பழக்கம்.

ஜூலை 11

சைலன்சரை அனுப்பிவிட்டார்கள். அண்ணன் சாப்பிடும்போது சொன்னான், உப்பு குறைச்சல் என்று சொல்வதுபோல. அண்ணி தட்டில் சோறு வைத்துக்கொண்டிருந்தாள், கரண்டி பாதியில் நின்றது.

ஜூலை 14

பயிற்சிக்கு வேறொரு மெக்கானிக் வந்தான். பிரேக் எல்லாம் புதிது. அண்ணன் ஓட்டினான். எடுத்தேன். துல்லியம். சிவப்பு.

ஜூலை 15

பகுதி நேர வேலையிலிருந்து வந்தபோது என் கணினி முன்னால் அண்ணன் உட்கார்ந்திருந்தான். திரையில் அவன் கார். எத்தனை நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தானோ. முதுகைக் காட்டியபடியே பேசினான்.

"நல்லா எடுக்கிறியே."

"ம்."

"மேனேஜர் விளம்பரத்துக்கு ஒரு படம் கேக்குறாரு. இதையே குடுக்கலாம்." படத்தைப் பெரிதாக்கினான். "அந்த லைட்டை மட்டும் எடுத்துட முடியுமா?"

எந்த லைட் என்று நான் கேட்கவில்லை. அவனும் விளக்கவில்லை. ஒரு அறையில் இரண்டு பேர், ஒரே விஷயம் இரண்டு பேருக்கும் தெரியும், பேச்சு முழுக்க ஒரு விளக்கைப் பற்றி.

"முடியும்" என்றேன்.

"எப்ப ஆச்சு அண்ணா இப்படி?" — இதைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அவன் தோளைத் தொட்டிருக்கலாம். தொடவில்லை. வாசற்படியிலேயே மரம் மாதிரி நின்றேன்.

ஜூலை 16

எடுத்துவிட்டேன். பக்கத்துக் கறுப்பை இழுத்துச் சிவப்பின்மேல் பூச வேண்டியதுதான். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. பார்த்தால் சூரன் மாதிரி இருக்கிறான்.

இரண்டையும் அச்சுப் போட்டேன். விளக்கு எரிவது ஒன்று, எரியாதது ஒன்று. சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினேன். இதைத் தைரியம் என்று சொல்ல முடியாது. முடிவை அவன் தலையில் கட்டிவிட்டு ஓடினேன், அவ்வளவுதான்.

ஜூலை 17

மேஜையில் ஒரு படம் இருக்கிறது. எரியாதது.

அண்ணி சொன்னாள்: விடிந்ததும் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு போனானாம், இன்டர்வியூவுக்குப் போகிறவன்போல. மேனேஜரிடம் படத்தைக் கொடுத்திருக்கிறான். "பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு சார். நான்தான்." அதற்குமேல் சொல்ல வரவில்லையாம். திரும்பிவந்து அண்ணியிடம் இதைச் சொல்லிவிட்டுப் படுத்தவன், நான் வரும்போதும் அப்படியே கிடந்தான். தூங்கவில்லை. கால் விரல்கள் அசைந்துகொண்டிருந்தன.

ஜூலை 28

சைலன்சர் திரும்பி வந்துவிட்டார். எல்லோரிடமும் பேசுகிறார், முன்னைவிட அதிகமாக. என்னைத் தாண்டிப் போகும்போது மட்டும் மௌனம். வணக்கம் சொன்னேன். கையிலிருந்த துணியால் கையைத் துடைத்துக்கொண்டே போய்விட்டார். தங்கச்சி என்று கூப்பிட இனி வேறு யாரையாவது பார்த்துக்கொள்வார்.

ஆகஸ்ட் 4

நீலக் காரில் புது ஆள். அண்ணன் உடம்புக்கு வார்த்த இருக்கை அது. இவன் குள்ளம் என்பதால் முதுகுக்குப் பின்னால் ஸ்பாஞ்சு வைத்து நிரப்பியிருக்கிறார்கள்.

புது ஆள் வரும் வேகத்துக்கு என் கை எட்டவில்லை. மறுபடி கறை, மறுபடி புல்.

ஆகஸ்ட் 5

அண்ணன் எதற்கும் கோபப்படுவதில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 18

கடைசிப் பந்தயம். நான் கிளம்பும்போது அண்ணனும் செருப்பை மாட்டினான்.

டிக்கெட் வாங்கி உள்ளே வந்தான். வாழ்நாளில் முதல் தடவை. வேலியோரம், நான் நிற்கும் இடத்திலேயே, எனக்கு ஒரு கை தூரத்தில் நின்றான். வெள்ளைத் தொப்பி அடையாளம் கண்டுகொண்டு, நல்லவேளை, தள்ளிப் போனான்.

முதல் சுற்று. கூட்டமாக வந்தார்கள். தரை அதிர்ந்தது. நான் கேமராவுக்குள் இருந்தேன், காரோடு திரும்பினேன். கண்ணை எடுத்தபோது அண்ணன் என் பக்கத்தில் இல்லை. ரொம்பப் பின்னால், புல்மேட்டில், இரண்டு கையையும் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு நின்றிருந்தான்.

சத்தம் அடங்கிய பிறகு இறங்கி வந்தான்.

"நான் இவ்வளவு வேகமாவா போயிட்டிருந்தேன்?"

அவன் முகத்தைப் பார்த்தேன். உண்மையிலேயே கேட்கிறான்.

"ஆமாண்ணா" என்றேன்.