மூடாத உச்சிக்குழி

9-2-1969
பூசைக்குப் புறப்படும்போது பிலோவுக்குத் தலை சீவினேன். மூன்று வயது முடியப்போகிறது, உச்சிக்குழி இன்னும் மூடவில்லை. விரல் வைத்தால் மெத்தென்று இறங்குகிறது. ராயபுரத்தில் வேறு எந்தப் பிள்ளைக்கு இப்படி?

11-2-1969
குளிப்பாட்டும்போது இன்னொன்று. கழுத்தடியிலிருந்து தோளுக்குப் போகும் எலும்பு கைக்குத் தட்டவே இல்லை. இரண்டு பக்கமும். நான் பள்ளிக்கூட வேலையில், வீட்டுக்காரர் வால்டர் ஹார்பரில். பகலெல்லாம் பிள்ளை வால்டரின் அக்கா சிலுவையம்மாள் அண்ணியிடம்தான். புருஷன் போனபிறகு எங்களோடு இருக்கிறார். அந்த எட்டு மணி நேரம் என்ன நடக்கிறது?

14-2-1969
தலைவலி என்று பாதியில் வந்துவிட்டேன். சன்னல் வழியே பார்த்தேன். அண்ணி பிலோவின் தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையை எடுத்துவிட்டார். ஏன் எடுத்தார்?

18-2-1969
தெருமுனை டாக்டர், "எப்பவாவது விழுந்துச்சா? எலும்பு உடைஞ்சு ஒட்டாமப் போயிருக்கலாம்" என்றார். போதும் எனக்கு. நேராக வந்து கேட்டேன்.

"எப்போ கீழே போட்டீங்க அண்ணி?"

"நானா? மாதா மேல சத்தியமா கொயந்தைய நான் கீய வுட்டதில்ல ஞானம்."

உண்மை பேசுகிறவருக்குச் சத்தியம் எதற்கு?

"எங்கக்காவப் பாத்தா அப்டியா தெரியுது உனக்கு?" என்றார் வால்டர். ஆமாம் என்றேன்.

19-2-1969
அண்ணி டிரங்குப் பெட்டியோடு திருவொற்றியூருக்கு, தன் சித்தி வீட்டுக்குப் போய்விட்டார். பிலோ "அத்தே, அத்தே" என்று கத்தினாள். கதவைச் சாத்தினேன்.

27-2-1969
என் லீவு தீரப்போகிறது. வால்டர் பேசுவதில்லை.

6-3-1969
பெரிய ஆஸ்பத்திரி. லேடி டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது உடைஞ்சது இல்லம்மா. காறை எலும்பு உருவாகவே இல்ல. மண்டை எலும்பு கூடாததும் அதே கோளாறுதான். லட்சத்துல ஒண்ணுக்கு வரும், பரம்பரையா. குடும்பத்துல யாருக்காவது?"

இல்லை என்றேன். என் முகத்தையே பார்த்தார். வாயைத் திறக்கச் சொன்னார். இருபத்தெட்டு வயதில் இன்னும் பால்பல் இருக்கிறதாம். "ரெண்டு தோளையும் முன்னால கொண்டுவாங்க." கொண்டுவந்தேன். மார்புக்கு முன்னால் இரண்டும் முட்டிக்கொண்டன.

எல்லோருக்கும் அப்படி வரும் என்றல்லவா நினைத்திருந்தேன்! ரவிக்கை தோளில் நிற்காதபோதெல்லாம் தையல்கார ஜஹாங்கீர் பாயைத்தான் திட்டினேன்.

உயிருக்கு ஒன்றுமில்லையாம். தலையில் அடிபடாமல் பார்த்துக்கொண்டால் போதுமாம்.

எங்கிட்டருந்துதான் வந்திருக்கு. என் உடம்புலருந்து. போட்டுட்டா போட்டுட்டான்னு எப்படிக் கத்தினேன் —

7-3-1969
வால்டரிடம் சொன்னேன். "எங்கைல இன்னாத்துக்கு சொல்ற? அக்கா கைல போய் சொல்லு."

9-3-1969
போனேன். அண்ணி முற்றத்தில் கருவாடு திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். மன்னிப்பு மட்டும் வாயில் வரவில்லை. அவர் கையை எடுத்து என் கழுத்தடியில் வைத்தேன். தடவினார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.

"வலிக்குதா உனக்கு?" என்றார்.

அழுதுவிட்டேன். ஆனால் கூட வரமாட்டேன் என்றுவிட்டார்.

17-3-1969
தினமும் காலை பஸ்ஸில் பிலோவைத் திருவொற்றியூரில் விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போகிறேன். இன்று மாலை அழைக்கப் போனதும், நான் உட்காருவதற்குள் அண்ணி சொன்னார்: "மத்தியானம் வயிக்கி வுயுந்துட்டா. தலைல படல. முட்டில சிராய்ப்பு. நீயே பாத்துக்கோ."

"வேண்டாம் அண்ணி" என்றேன்.

கேட்கவில்லை. பாவாடையை விலக்கி இரண்டு முட்டியையும் காட்டினார். பிறகு முழங்கை. பிறகு தலை. அப்புறம்தான் பிள்ளையை என்னிடம் கொடுத்தார்.