நீ நிமிர்ந்தாய், நான் குனிந்திருந்தேன்

அக்கா, உன் நீலச் சட்டையை இன்றைக்கு எடுத்தேன். நடவுக்குப் புடவைமேல் போட்டுக்கொள்வாயே, அத்தானின் பழைய முழுக்கைச் சட்டை, அதுதான். எத்தனை முறை துவைத்தும் சேற்று வாடை போகவில்லை. அதன் பையில்தான் கோர்ட் சம்மனை வைத்திருக்கிறேன். நாளைக் காலை காரைக்கால் கோர்ட்டில் சாட்சி சொல்ல வேண்டும்.

அன்றைக்கு நெடுங்காட்டு வயலில் பக்கத்துப் பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்தோம். தண்ணீர் திருப்புவதில் மடையருகே வயல்காரர் வீட்டாருக்கும் பக்கத்து வயல் மாரியப்பனுக்கும் சண்டை. "இவனுவளுக்கு வேற வேலையே இல்லடி" என்று நீ நிமிர்ந்தாய். கையிலிருந்த நாற்று தீரட்டும் என்று நான் குனிந்தே இருந்தேன். பொத்தென்று ஒரு சத்தம். "அய்யய்யோ, சின்னவரு மாரியப்பன வெட்டிட்டாருடி!" என்று அலறினாய். நான் நிமிர்ந்தபோது மாரியப்பன் வரப்பில் உயிரில்லாமல் கிடந்தார். வயல்காரரின் தம்பி சின்னவர் மண்வெட்டியோடு நின்றார்.

போலீஸ் ஸ்டேஷனில், அவர் வெட்டியதைப் பார்த்ததாக நீ சொன்னாய். "நீயும் பாத்தியாம்மா?" என்றார்கள். ஆமாம் என்றேன். பொய் என்றே தோன்றவில்லை அக்கா. ஒரே வரிசையில் நடுகிறோம், நீ பார்த்தால் நான் பார்த்த மாதிரிதானே! பாழாய்ப்போன வாய்.

தை மாதக் காய்ச்சலில் நீ போய்விட்டாய். இன்று அரசு வக்கீலிடம், "அக்கா சொன்னதுதான் எழுத்துல இருக்கே சார், போதாதா?" என்றேன்.

"போலீஸ்ல எழுதுனது சாட்சியம் ஆகாதும்மா. கூண்டுல ஏறி சொல்லணும். இனி நீங்க ஒருத்தர்தான்."

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"பாத்தத மட்டும் சொல்லுங்க. முன்னாடி ஏன் மாத்திச் சொன்னீங்கன்னு எதிர்த்தரப்பு வக்கீல் குடைவாரு, அதையும் ஒத்துக்குங்க. ஒரு பொய்யில மாட்டுனா நெசத்தையும் ஜட்ஜ் நம்பாம போயிடலாம். அந்தம்மா அப்பவே கத்துனது உங்க காதுல விழுந்துச்சுல்ல? அதச் சொல்லலாம். மண்வெட்டி, டாக்டர் ரிப்போர்ட்டு எல்லாத்தோடயும் வச்சுத்தான் எடை போடுவாங்க."

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில், ஜாமீனில் வெளியே வந்திருக்கும் சின்னவர். "நாளைக்குப் பாத்துப் பேசு. அடுத்த நடவுக்கும் எங்க வயலுக்குத்தான வரணும்?" என்று சிரித்தார். வீட்டுக்கு வந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். நான் உண்மையைச் சொல்லி அவர் தப்பிவிட்டால் மாரியப்பன் பெண்டாட்டி முகத்தில் எப்படி விழிப்பேன்?

வெட்டியதைப் பார்த்தாயா என்று கேட்பார்கள். இல்லை என்பேன். கோவிச்சுக்காதேக்கா. அது உன் கண்ணோடு போய்விட்டது. உன் அலறல் மட்டும்தான் என்னிடம் இருக்கிறது. சட்டையைப் பிடித்துக்கொண்டு அதைச் சொல்லிப் பார்த்தேன். "சின்னவரு" என்பதற்குமேல் குரல் வரவில்லை. நாளைக்கு வர வேண்டும்.