மூட மனம் வராத திரை

கோட்டிங்கன்

அன்புள்ள அம்மா, தீவில் புயல் ஓய்ந்ததா? அப்பாவின் முழங்கால் தேவலையா?

இங்கே ஒரு சின்னக் கூத்து. ஆய்வகத்தில் நாங்கள் சோதிக்கும் திரவம் லேசர் பட்டால்தான் கெட்டியாக வேண்டும். அது கெட்டியாகும் வேகத்தை அளப்பதுதான் என் வேலை. அதில் கலக்கும் ரசாயன மருந்துக்கு வெளிச்சமே ஆகாது, அதனால் அங்கே ஜன்னலில் எப்போதும் கறுப்புத் திரை. நேற்று வெயிலைப் பார்க்க அதை விலக்கினேன். மூட மனமே வரவில்லை. அப்படியே சாப்பிடப் போய்விட்டேன். திரும்பி வந்தால் திரவம் குப்பியிலேயே கட்டியாகிக் கிடந்தது. கூட வேலை செய்யும் தோர்பென் மாசக்கணக்கில் தயாரித்த மருந்து முழுக்க அதில்தான்.

"வெயில் காய வேற எடமே கிடைக்கலையா உனக்கு?" என்றான். நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. இன்று தனியாகத்தான் சாப்பிட்டேன்.

கம்பளிக் காலுறை அனுப்பு. என் படுக்கையறைக்கென்று நீ தைத்த தடித் திரை மட்டும் வேண்டாம். பஸ் வந்துவிட்டது.

வீப்கே