இஸ்தோப்பு ஆணியில் ஏழு கம்பி கிட்டார்

ஜூன் 6, சனி

காலையிலிருந்து தூறல். தேயிலை பேக்டரியில் அரை நாள். ஒன்றே கால் பஸ்ஸில் ஹட்டன். வாங்க வேண்டியவை: ரோலர் மெஷினுக்கு பெல்ட், மனைவி கலாவுக்கு இருமல் மருந்து, பல்பு இரண்டு, கிட்டார். பல்பு மறந்துபோச்சு.

போன், ரேடியோ விற்கும் நிஸாம் நானாவிடம் ஏழு கம்பி கிட்டார் வேண்டும் என்று போன மாதமே சொல்லி வைத்திருந்தேன். கொழும்பிலிருந்து அவர் மச்சான் அனுப்பியிருக்கிறார். இருப்பதிலேயே மலிவு. ஆறு கம்பி போதாதா, ஏழாவதில் துணி காயப்போடவா என்று நானா கேட்டார். விளக்கினேன்: எங்கள் பாட்டுக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்த சேகர் கட்டாருக்குப் போய் நாலு மாதம். கல்யாண வீட்டில் அடிச்சத்தம் இல்லாமல் பாட்டு மொட்டையாக நிற்கிறது. இந்தத் தடித்த கம்பி அந்த வேலையைப் பார்க்கும். நானாவுக்குப் பாதி புரிந்தது. உரப் பையில் சுற்றிக் கொடுத்தார்.

மஸ்கெலியா வரை மடியில். பிறகு தோட்டத்து ஏற்றம், தோளில்.

பிரித்ததும் கண்டவை:
நிறம் கறுப்பு, பளபளப்பு இல்லை. நல்லது, கைரேகை தெரியாது.
கழுத்து அகலம். என் சுண்டுவிரல் ஏழாவது கம்பிக்கு எட்டுவதற்குள் மற்ற விரல்கள் கோபித்துக்கொள்கின்றன.
கழுத்தில் குறுக்கே பதித்த ஃப்ரெட் தகடுகளின் முனைகள் கூர். பெருவிரலில் ஒரு கீறல், ரத்தம்.
மூன்றாவது முறுக்காணி வழுக்குகிறது.
கனம். கலா தூக்கிப் பார்த்துவிட்டு, "நனைஞ்ச கொழுந்துக் கூடையே தேவலங்க" என்றாள்.

ஜூன் 7, ஞாயிறு

மதியம் வரை வெயில். கலா வீட்டுத் துணி எல்லாம் துவைத்துப் போட்டாள். நான் கிட்டாரைக் கழற்றிப் போட்டேன்.

பேக்டரியிலிருந்து இரவல்: மெல்லிய அரம், இடைவெளி அளக்கும் தகடுகள். (நாளை திருப்பி வைக்க வேண்டும். பேக்டரிப் பெரியவருக்குத் தெரிந்தால் வசவு.) ஃப்ரெட் முனை எல்லாம் ராவினேன். மூன்று மணி நேரம். பதினொரு வருஷமாக மெஷின் பிட்டர் வேலை பார்க்கிறேன், இவ்வளவு பொறுமை எந்த ரோலரிடமும் காட்டியதில்லை.

ஏழாவது கம்பி தொய்வு. தட்டினால் ஃப்ரெட்டில் பட்டுச் சடசடக்கிறது. அரைச் சுற்று உயர்த்தினேன், சரியாகிவிட்டது. கரண்ட்டில் மாட்டினால் இரைச்சல் இருக்கிறது, கம்பியைத் தொட்டால் நிற்கும், விட்டால் வரும். அது கிட்டாரின் குற்றமில்லை. பன்னிரண்டு வீடு ஒரே வரிசையாக ஒட்டிய இந்த லயத்து வயரிங் அப்படி.

சேகர் விட்டுப்போன பேஸ் ஸ்பீக்கர் பெட்டி எங்கள் காம்பராவில்தான் கிடக்கிறது. வேறு இடம் இல்லாததால் பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்காவின் காம்பராவை ஒட்டிய சுவரோடு நிற்கிறது. அதில் மாட்டி, மெதுவாக வைத்துத் தட்டினேன். ஆறு கம்பிகளும் மலிவுச் சத்தம், விலைக்கேற்ற மாதிரி. ஏழாவது மட்டும், அடேயப்பா! ரேக்கில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கின. கூரைத் தகரம் பன்னிரண்டு காம்பராவுக்கும் ஒரே நீளம். அந்த நீளத்துக்கும் அதிர்வு ஓடுகிறது. எனக்கு சந்தோஷம். சும்மா சொல்லக் கூடாது, ரொம்ப சந்தோஷம்.

ஜூன் 8, திங்கள்

இரவல் சாமான் திருப்பி வைத்தாயிற்று. யாரும் பார்க்கவில்லை. மாலை ஐந்திலிருந்து கனத்த மழை.

கலா பையை எடுத்துக் கதவோரம் வைத்தாள். மழை பிடித்தால் இந்த லயத்தில் எல்லா வீட்டிலும் இப்படித்தான். எங்கள் பையில்: அடையாள அட்டை இரண்டு, பிறப்புச் சான்று, பேங்க் புத்தகம், டார்ச், ஒரு செட் துணி. பின்பக்க மலையில் போன வருஷம் விழுந்த வெடிப்பை அதிகாரிகள் வந்து அளந்தார்கள். மழை கூடினால் ஸ்கூலுக்குப் போங்கள் என்றார்கள். வேறு வீடு தருவதாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு சிங்களத்திலும் தமிழிலும் ஒரு அறிவிப்புப் பலகை மட்டும் வந்தது.

பாக்கியம் அக்கா போன வருஷம் பூண்டுலோயாவில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தபோதுதான் அந்த லயம் மண்ணுக்குள் போனது. தங்கச்சியும் மச்சானும் போய்விட்டார்கள். முதலில் சத்தமே இல்லை, நெஞ்சுக்குள் அதிர்ந்தது, தட்டுமுட்டுச் சாமான் ஆடியது, பிறகுதான் சத்தம் என்று அக்கா சொல்லுவார். நூறு தடவை கேட்டிருக்கிறேன்.

நூறு தடவை கேட்டும், ஞாயிற்றுக்கிழமை டம்ளர் ஆடியபோது எனக்கு உறைக்கவில்லை. நடந்ததைக் கீழே எழுதுகிறேன். (இந்த வரி 9ஆம் தேதி சேர்த்தது.)

ஜூன் 9, செவ்வாய்

எழுதவே கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

மழை. பேக்டரியிலிருந்து ஐந்தரைக்கு வந்தேன். கலா கடைக்குப் போயிருந்தாள். கிட்டாரை மாட்டினேன். தகரத்தில் மழைச் சத்தம், எனக்கே கேட்கவில்லை என்று பெட்டியைக் கூட்டி வைத்தேன். ஏழாவது கம்பி, விரல் வைத்து அழுத்தாமல், மெதுவாக, திரும்பத் திரும்ப. கண்ணை மூடிக்கொண்டு வாசித்திருக்கிறேன், மடையன்.

வெளியே ஓட்டம், கூச்சல். கதவைத் திறந்தால் லயமே மழையில் ஓடுகிறது. கையில் பைகள், இடுப்பில் பிள்ளைகள். நடக்க முடியாத பத்தாம் காம்பரா மாமாவைக் கம்பளியில் வைத்து நாலு பேர் தூக்கிப் போகிறார்கள்.  மலை வருகிறது என்று நானும் நம்பினேன். பையைப் பிடுங்கிக்கொண்டு, வயர் அறுந்தது கூடத் தெரியாமல், கிட்டாரோடு ஓடினேன்.

ஸ்கூல் மைதானத்தில் எல்லாரும் நனைந்துகொண்டு மேலே பார்த்தபடி நின்றோம். மலை சும்மா இருந்தது. ஆட்டம் நின்றுவிட்டது என்று யாரோ சொன்னார்கள். பாக்கியம் அக்கா படியில் விழுந்து முழங்கால் கிழிந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். என் கழுத்தில் தொங்கியதைப் பார்த்தார்.

"தம்பி, இதுவா?"

யாரும் அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. ஒவ்வொருத்தராக எழுந்து லயத்துக்குத் திரும்பினார்கள்.

ஜூன் 10, புதன்

மழை விட்டு விட்டு. பேச்சு வார்த்தை இல்லை. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு நான் போனதும் இரண்டு பேர் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் பதிய ஆள் கூடியபோது, கலாவுக்கு நல்ல பூசை. அந்தக் கோபத்தை வந்து என்னிடம் காட்டினாள், நியாயம்தான். அக்காவுக்கு நாலு தையல். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக நான் ஆட்டோ பிடித்தேன், அக்கா ஏறவில்லை, பஸ்ஸில் போனார்.

லயத்துத் தொங்கலில், கடைசி வீட்டில் இருக்கும் முருகேசு அண்ணன், பன்னிரண்டாம் காம்பரா, சிரித்துக்கொண்டுதான் சொன்னார்: "இனிமே எது அதிர்ந்தாலும் ஒன் கிட்டாருன்னு போத்திப் படுத்துக்குவோம்."

இதுதான் தூங்க விடவில்லை. அவர் சொன்னது விளையாட்டில்லை. மலைச்சரிவுக்கு மிக அருகில் இருப்பது அவர் காம்பராதான். நாளைக்கு நிஜமாகவே அதிர்ந்து, அவர் என்னை நினைத்துப் படுத்துக்கிடந்தால்? வெட்கம் ஒருபுறம். பயம் அதைவிட அதிகம்.

ஜூன் 11, வியாழன்

நானாவுக்கு போன். திருப்பி எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். கிட்டாரை உரப் பையில் சுற்றினேன்.

பாக்கியம் அக்கா நொண்டிக்கொண்டு வந்தார். கலா முக்காலி போட்டாள். திருப்பிக் கொடுக்கிறேன் அக்கா, இனி இந்தச் சத்தமே வராது என்றேன். அக்கா உரப் பையை விலக்கிப் பார்த்தார்.

"குடுத்துட்டேன்னு நீ சொல்லுவ. பாதிப் பேரு நம்பாது, ஒளிச்சி வச்சிருக்கான்னுதான் நெனைக்கும். சொல்லுறதெல்லாம் வேணாம் தம்பி. கண்ணுக்குத் தெரியணும். வெளிய மாட்டு."

இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், கதவுக்குப் பக்கத்தில், பெரிய ஆணி அடித்தேன். எங்களுடையது ஆறாம் காம்பரா, நடு. மேல்பக்கத்து ஆறு வீட்டு ஆட்களும் படிக்கு இறங்க எங்கள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். கிட்டார் ஆணியில் இருந்தால் அதிர்வு அதனுடையது இல்லை. அவ்வளவுதான் சட்டம். பேஸ் பெட்டியைக் குழுக்காரர் ஒருவர் வீட்டுக்கு அனுப்பியாயிற்று.

ஜூன் 14, ஞாயிறு

வெயில். அக்கா உத்தரவு: எல்லாருக்கும் ஒரு தடவை காட்டு. பெட்டியை வாடகை வேனில் திரும்பக் கொண்டுவந்து (சேகர் கட்டாரிலிருந்து போனில் சிரிக்கிறான்) அதே சுவரோடு வைத்து ஏழாவது கம்பியைத் தட்டினேன். அவரவர் காம்பராவில் நின்று கேட்டார்கள். டம்ளர் ஆடியது, தகரம் ஆடியது. அக்கா கண்ணை மூடி நின்றார். கிட்டத்தட்ட அதே மாதிரிதான் என்றார், முகம் வெளுத்திருந்தது. நான் நிறுத்தினேன். முருகேசு அண்ணன் வந்து ஆணியை இழுத்துப் பார்த்துவிட்டு, உறுதியாக இருக்கிறது என்று போனார்.

பெட்டி மறுபடி வேனில் போனது.

ஜூன் 17, புதன்

பனி, ஈரம். ஆணியில் ஆறு நாள். முதலிரண்டு கம்பியில் துரு. கழுத்து வளைகிறது, மறுபடி இரவல் வாங்கிய தகடு வைத்துப் பார்த்தேன், நன்றாகவே வளைந்திருக்கிறது. இப்படி வைத்தால் இரண்டு மாதம் தாங்காது. கலா பழைய பாவாடையால் மூடப்போனாள். மூடக் கூடாது என்றேன், மூடினால் இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. அவள் பாவாடையை மடித்து வைத்தாள்.

பயிற்சி சனிக்கிழமைகளில் மஸ்கெலியாவில் மட்டும். அங்கே எடுத்துப் போகும்போது பன்னிரண்டு கதவிலும் தட்டிச் சொல்ல வேண்டும். சொல்கிறேன்.

ஜூன் 20, சனி

பயிற்சி. பன்னிரண்டு கதவு. பாட்டுக்கு அடிச்சத்தம் வந்துவிட்டது, பாட்டுக் குழு ரமேஷ் கூட ஒத்துக்கொண்டான். பல்பு வாங்கினேன். திரும்பி வந்து ஆணியில் மாட்டியதும் அடுத்த காம்பராப் பிள்ளை, "கிட்டாரு வந்திருச்சி" என்று லயம் முழுக்கக் கத்தியது.

ஜூன் 24, புதன். ஸ்கூல்.

மூன்றாம் வகுப்பு அறை. பக்கத்துப் பாயில் கலா தூங்குகிறாள். நோட்டு பையில் இருந்தது, அதனால் எழுதுகிறேன்.

நேற்று காலையிலிருந்து பேய் மழை. கரண்ட் இல்லை, பேக்டரியை மூடிவிட்டார்கள். கொழுந்து எடுக்கப் போனவர்களும் மதியமே வந்துவிட்டார்கள். நாலு மணி இருக்கும். கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். ரேக்கில் டம்ளர் பேசியது.

கலா என்னைப் பார்த்தாள். நான் வெளியே வந்தேன். பாக்கியம் அக்கா எனக்கு முன்னால் இஸ்தோப்பில் நின்று ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிட்டாரு ஆணியிலதான் இருக்கு. ஓடுங்க."

அவ்வளவுதான் சொன்னார், ஆனால் கடைசிக் காம்பரா வரை கேட்டிருக்கும். கதவுகள் திறந்தன. ஒவ்வொரு தலையும் முதலில் எங்கள் வாசலைத்தான் பார்த்தது. மாமாவைக் கம்பளியில் தூக்கினார்கள், இந்தத் தடவை பழக்கம் இருந்தது.

மைதானத்துக்கு வந்து திரும்பிப் பார்த்தால் பதினொன்றாம், பன்னிரண்டாம் காம்பராக்கள் இல்லை. பத்தாம் காம்பராவில் பாதி இல்லை. ஆட்களை மூன்று தடவை எண்ணினோம். மூன்று தடவையும் சரியாக இருந்தது. முருகேசு அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இருட்டும் வரை அங்கேயே இருந்தார்.

கயிறு கட்டியிருக்கிறார்கள், லயத்துக்குப் போகக் கூடாது. ஆறாம் காம்பரா நிற்பது இங்கிருந்தே தெரிகிறது. இஸ்தோப்பு தெரியவில்லை, மண்.

காலையில் நிஸாம் நானா போன் பண்ணினார். எல்லாரும் தப்பியதைக் கேட்டு அல்ஹம்துலில்லாஹ் என்றார். பிறகு, கொஞ்சம் தயங்கி, "லயத்த விட்டு ஓடக்குள்ள அதயும் ஒரு கையால எடுத்திருக்கலாம் தானே தம்பி?" என்றார்.

எடுத்தேன் நானா, என்றேன். வாரைப் பிடித்துத் தூக்கிவிட்டேன். மேலே பார்த்தால் நாலு கதவு இன்னும் திறக்கவில்லை. திரும்ப ஆணியில் மாட்டிவிட்டு ஓடினேன்.